குறுவை நெல் சோதனைக்கு வயலைப் பிரிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். வரும் குறுவையில் ஆடுதுறை 43, ஆடுதுறை 45, அம்பை 16, கோ 51 என்று நாலு ரகங்களை எக்டருக்கு 100, 125, 150 கிலோ தழைச்சத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் நிலம் கிடைத்திருக்கிறது. ஆர்.பி.டி. (வயலை பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் குலுக்கிப் போடும் முறை) போதுமா, ஸ்பிளிட் பிளாட் (பெரிய பாத்திக்குள் சின்னப் பாத்தி வைக்கும் முறை) போட வேண்டுமா, பாத்தி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை ரெப்ளிகேஷன் (எல்லாவற்றையும் எத்தனை முறை திரும்பப் போடுவது) என்று கேட்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிளிட் பிளாட் போடுங்கள். தழைச்சத்து மெயின் பிளாட்டில், அதாவது பெரிய பாத்தியில்; ரகம் அதற்குள் இருக்கும் சப் பிளாட்டில், அதாவது சின்னப் பாத்தியில். நாலு ரெப்ளிகேஷன். ஒரு சப் பிளாட் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆனால் தழைச்சத்து அளவுகளை 0, 75, 150 என்று மாற்றியாக வேண்டும். 100, 125, 150 என்று வைத்தால் உழைப்பு வீண். ஏன் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால், வடிவமைப்பைத் தாளில் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் வயலுக்குப் போங்கள்.

ஒரே ரகம், ஒரே உரம், ஒரே நாளில் விதைத்த வயல் எவ்வளவு மேடுபள்ளமாக விளையும் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மெர்சர், ஹால் என்ற இருவர் ஒரு ஏக்கர் கோதுமையை 500 சின்னத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாக அறுத்து எடை போட்டு, 1911இல் வெளியிட்டார்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே பராமரிப்புதான். ஒரு துண்டில் 2.73 பவுண்டு தானியம், இன்னொன்றில் 5.16 பவுண்டு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அந்த இரண்டு துண்டில் ஒன்றில் உங்கள் கோ 51, மற்றதில் ஆடுதுறை 45 இருந்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்? ரகத்துக்கு ஒரு பட்டை என்று வரிசையாக நட்டுவிட்டு, 'இதுதான் ஜெயித்தது' என்று சொல்லும் செயல்விளக்கத் திடல்கள் எல்லாம் இந்தச் சிக்கலில்தான் மாட்டுகின்றன. ராதம்ஸ்டெட்டுக்கு 1919இல் வேலைக்கு வந்த ஆர்.ஏ. பிஷர் இதற்கு வழி கண்டார். திரும்பத் திரும்பப் போடு, குலுக்கிப் போடு, ஒத்த நிலத்தை ஒன்றாகக் கட்டிப் போடு. இன்று நாம் போடும் எல்லா வடிவமைப்பும் இந்த மூன்றின் வேறுவேறு சேர்க்கைகள்தான். (கோயம்புத்தூரில் 1909இல் ராதம்ஸ்டெட் மாதிரியில் தொடங்கிய நிலையான உரச் சோதனை இதற்கெல்லாம் முந்தியது. நூறு வருடம் தாண்டியும் நடப்பதால் மண்ணைப் பற்றி அது சொல்வது அபாரம். ஆனால் பாத்தி பிரிப்பதற்கு அதை முன்மாதிரியாக எடுக்கக் கூடாது.)

சரி, வயலுக்குப் போனதும் எதைப் பார்ப்பது? வாய்க்கால் எந்தப் பக்கம், மடை எங்கே, வடிகால் எங்கே. டெல்டாவில் தலைமடைப் பக்கம் வண்டல் படியும், தண்ணீர் முதலில் நிற்கும். கடைமடைப் பக்கம் தண்ணீர் தாமதமாக வரும், மழை பெய்தால் அங்கேதான் தேங்கும். ஒரு ஏக்கருக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கும். அப்புறம் நிலத்துக்காரரிடம் கேளுங்கள். போன வருடம் நாற்றங்கால் எங்கே விட்டார்? எருக்குழி எங்கே இருந்தது? களம் எந்த மூலையில்? வைக்கோல் போர் எங்கே போட்டார்? களர் திட்டு உண்டா? ஆடு கிடை போட்டது எந்தப் பாதியில்? இவற்றுக்கான பதில் எந்த மண் பரிசோதனை அட்டையிலும் இருக்காது. பழைய நாற்றங்காலில் விழுந்த பாத்தியில் எந்த ரகத்தை வைத்தாலும் நன்றாகத்தான் வரும். அந்த இடத்தைச் சோதனையிலிருந்து விட்டுவிடுங்கள். வரப்போரத் தென்னையின் நிழல் விழும் பட்டையையும் அப்படியே.

இப்போது பிளாக், அதாவது ஒரு ரெப்ளிகேஷன் முழுவதும் அடங்கும் நிலத் துண்டு. ஒரு பிளாக்குக்குள் இருக்கும் பாத்திகள் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கணக்கில் கழித்துவிடலாம். உங்கள் வயலில் வாய்க்கால் கிழக்கே, வடிகால் மேற்கே என்று வைத்துக்கொள்வோம். வளம் கிழக்கிலிருந்து மேற்காகக் குறைகிறது. அப்படியானால் பிளாக்குகளை வாய்க்காலுக்கு இணையாக, வடக்குத் தெற்காக நீட்டிப் போட வேண்டும். முதல் பிளாக் வாய்க்காலை ஒட்டி, நாலாவது வடிகாலை ஒட்டி. ஒவ்வொரு பாத்தியின் நீளமான பக்கம், அதாவது 5 மீட்டர், கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது ஒரு பிளாக்கில் உள்ள 12 பாத்தியும் வாய்க்காலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிழக்கு மேற்காக பிளாக்கை நீட்டி, ஒரே பிளாக்கின் ஒரு முனையை மடையிலும் மறு முனையை வடிகாலிலும் வைக்கிறார்கள். பெயர் ஆர்.பி.டி.தான். பிளாக் போட்டதால் பயன் ஒன்றுமில்லை. சும்மா குலுக்கிப் போட்டிருந்தால்கூட இதைவிடத் தேவலை.

நாலு பிளாக்கும் ஒரே செவ்வகமாக ஒட்டியிருக்க வேண்டும் என்று விதி ஏதும் கிடையாது. மூன்று பிளாக் ஒரு வயலில், நாலாவது வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். வேண்டாத திட்டைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஒரு பிளாக்கை மட்டும் உடைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பிளாக் என்பதை மண்ணோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆளும் நேரமும் அதற்குள் வரும். நடவுக்கு வரும் பெண்களில் ஒரு குழு நெருக்கி நடும், ஒரு குழு கலக்க நடும். ஒரு குழு முதல் பிளாக்கை முழுசாக நடட்டும், அடுத்த குழு இரண்டாவதை. களையெடுப்பும் அப்படியே, உரம் வீசுவதும் அப்படியே, அறுவடையும் அப்படியே. மத்தியானம் மழை வந்து வேலை நிற்கப்போகிறது என்றால் கையிலிருக்கும் பிளாக்கை முடித்துவிட்டு நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் ஆளால் வந்த வித்தியாசமும் நாளால் வந்த வித்தியாசமும் பிளாக் கணக்கில் போய்விடும், ரகத்தின் தலையில் விழாது. எனக்குத் தெரிந்து செலவே இல்லாமல் சோதனையின் தரத்தைக் கூட்டுகிற வழி இது ஒன்றுதான். இதைத்தான் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

மற்ற வடிவமைப்புகளை வேகமாகத் தாண்டிவிடலாம். சி.ஆர்.டி., அதாவது பிளாக்கே இல்லாமல் முழுக்கக் குலுக்கிப் போடுவது, தொட்டிச் செடிக்கும் ஆய்வகத்துக்கும் சரி, வயலில் வேண்டாம். லத்தீன் சதுரம், அதாவது ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் எல்லாம் ஒரு முறை வரும் அமைப்பு, இரண்டு திசையிலும் வளம் மாறும் இடத்தில் அழகாக வேலை செய்யும். ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் மரநிழல் என்பது போல. ஆனால் எத்தனை ட்ரீட்மென்டோ (சோதித்துப் பார்க்கும் ரகம், உரம் அல்லது அவற்றின் கூட்டு) அத்தனை ரெப்ளிகேஷன் போட வேண்டும். நாலுக்கு நாலு போட்டால் பிழையை (ஒரே மாதிரி நடத்திய பாத்திகளுக்குள் தானாக வரும் ஏற்ற இறக்கத்தை) மதிப்பிட ஆறு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்தான் (சுதந்திரமான தகவல் துண்டுகள்தான்) மிஞ்சும், அது போதாது. எட்டுக்கு மேல் போனால் நிலம் தாங்காது. பன்னிரண்டு ட்ரீட்மென்ட் வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

மிச்சம் இரண்டு. பன்னிரண்டு கூட்டையும் ஒவ்வொரு பிளாக்கிலும் கலந்து குலுக்கிப் போடும் பேக்டோரியல் ஆர்.பி.டி. ஒன்று. ஒவ்வொரு பிளாக்கையும் மூன்று பெரிய பாத்தியாகப் பிரித்து ஆளுக்கொரு தழைச்சத்து அளவு கொடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு ரகத்தைக் குலுக்கிப் போடும் ஸ்பிளிட் பிளாட் இன்னொன்று. இரண்டிலும் 48 பாத்திதான், நிலமும் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது தண்ணீர். யூரியா தண்ணீரோடு நகரும். 150 கிலோ பாத்திக்குப் பக்கத்தில் உரமே போடாத பாத்தி இருந்தால், நடுவில் ஒரு சாண் வரப்பு இருப்பது போதாது. இரட்டை வரப்பு கட்டி, நடுவில் சிறு வாய்க்கால் விட்டு, முடிந்தால் வரப்புக்குள் பாலித்தீன் தாளை முழங்கை ஆழத்துக்கு இறக்க வேண்டும். பேக்டோரியல் போட்டால் 48 பாத்திக்கும் இந்த வேலை. ஸ்பிளிட் பிளாட்டில் 12 மெயின் பிளாட்டுக்கு மட்டும் செய்தால் போதும். உள்ளே நாலு ரகத்துக்கும் ஒரே உரம் என்பதால் நடுவில் 30 சென்டிமீட்டர் நடைபாதை விட்டாலே போதும்.

இரண்டாவது துல்லியம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மெயின் பிளாட்டுக்கு ஒரு பிழை, சப் பிளாட்டுக்கு ஒரு பிழை என்று ஸ்பிளிட் பிளாட்டில் இரண்டு பிழை உண்டு. பெரிய பாத்திகள் தள்ளித் தள்ளி இருப்பதால் மெயின் பிளாட் பிழை பெரிதாக இருக்கும். ஒரே மெயின் பிளாட்டுக்குள் அக்கம்பக்கமாக இருக்கும் ரகங்களை ஒப்பிடும்போது பிழை சின்னதாக இருக்கும்.

எண்ணில் பார்ப்போம். சராசரி விளைச்சல் எக்டருக்கு 5,000 கிலோ, சப் பிளாட் சி.வி. (பிழை சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 10 சதவீதம், மெயின் பிளாட் சி.வி. 16 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஓரளவு கவனமாகப் பராமரித்த நெல் சோதனைக்கு இது நியாயமான அனுமானம். நாலு ரெப்ளிகேஷனில், மூன்று உர அளவிலும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ரகத்துக்கு 12 பாத்தி. பிழைக்கு 27 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம். ரகங்களை ஒப்பிடும் சி.டி., அதாவது இதைத் தாண்டிய வித்தியாசத்தைத்தான் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற எல்லை, சுமார் 420 கிலோ வருகிறது. தழைச்சத்து அளவு ஒன்றுக்கு 16 பாத்தி இருந்தும், பிழைக்கு 6 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்தான், சி.டி. சுமார் 690 கிலோ. இதே வயலில் பேக்டோரியல் போட்டிருந்தால் ரகத்துக்குச் சுமார் 470, உரத்துக்குச் சுமார் 410 கிலோ வரும். ஆக, உங்கள் முக்கியக் கேள்வி 'எத்தனை மூட்டை யூரியா' என்றால் பேக்டோரியலே மேல், வரப்புச் செலவைப் பார்க்காமல் அதற்குப் போங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உறுப்பினர்களுக்கு எந்த ரகத்து விதையைக் கொடுப்பது, குறைந்த உரத்திலும் எது தாக்குப்பிடிக்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு சப் பிளாட்டின் துல்லியம்தான் வேண்டும். அதனால்தான் ஸ்பிளிட் பிளாட் என்றேன்.

இதே கணக்கில் மூன்று ரெப்ளிகேஷன் மட்டும் போட்டால்? ரகத்துக்கு சி.டி. 495 ஆகிறது, அது பரவாயில்லை. தழைச்சத்துக்கோ பிழையின் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் நாலாக இறங்கி, சி.டி. 900ஐத் தாண்டிவிடுகிறது. 'மூணு ரெப் போதும் சார்' என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி அந்த 100, 125, 150க்கு வருகிறேன். ஒரு கிலோ தழைச்சத்து கூடுதலாகப் போட்டால் 12 கிலோ நெல் கூடுதலாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ வித்தியாசத்துக்கு 300 கிலோ நெல். உங்கள் சோதனையின் சி.டி. 690. இருக்கிற வித்தியாசம் உங்கள் கண்ணில் படவே படாது. கடைசியில் 'தழைச்சத்து அளவுகளுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று அறிக்கை எழுதுவீர்கள். அதைப் படிக்கிறவர் '100 கிலோவே போதும்' என்று புரிந்துகொள்வார். இரண்டும் வேறு வேறு சங்கதி. 0, 75, 150 என்று வையுங்கள். டெல்டாவில் குறுகிய கால ரகத்துக்குப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ என்பதால் மேல் எல்லை அதுவே இருக்கட்டும். 75 கிலோ இடைவெளிக்கு 900 கிலோ நெல் என்றால் சி.டி.யைத் தாண்டி நிற்கும். உரமே போடாத பாத்தியைப் பார்த்து நிலத்துக்காரர் முகம் சுளிப்பார்; அவருக்கு அந்த விளைச்சலை ஈடு கட்டிக் கொடுத்துவிடுங்கள். மண் தானாக எவ்வளவு கொடுக்கிறது என்பதை அந்தப் பாத்தியைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவில் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாத்தி அளவுக்கு வருவோம். ஓரத்துக் குத்துகளுக்கு வெளிச்சமும் காற்றும் அதிகம், பக்கத்துப் பாத்தி உரமும் கொஞ்சம் கிடைக்கும். அவற்றை அறுத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், 4 மீட்டர் அகலத்தில் 20 வரிசை. இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசையைத் தள்ளினால் 16 வரிசை, 3.2 மீட்டர். நீளத்தில் இரு முனையிலும் அரை மீட்டர் தள்ளினால் 4 மீட்டர். ஆக 20 சதுர மீட்டரில் 12.8 சதுர மீட்டர் தேறும். நிலம் மிச்சமாகட்டும் என்று 3க்கு 2 மீட்டர் பாத்தி போட்டால், அதே ஓரங்களைத் தள்ளியபின் 2.4 சதுர மீட்டர்தான் மிஞ்சும். அதில் பத்துக் குத்து பாழானால் கதை முடிந்தது. ரொம்பப் பெரிய பாத்தியும் வேண்டாம். பாத்தி பெரிதாகும்போது பிளாக் நீள்கிறது, நீள நீள அதற்குள் மண் மாறிவிடுகிறது. கையில் இருக்கும் நிலத்தைப் பெரிய பாத்தியாக்குவதைவிட, அளவான பாத்தியாக வைத்துக்கொண்டு இன்னொரு ரெப்ளிகேஷன் சேர்ப்பது எப்போதுமே லாபம்.

இந்த அளவில் மொத்தம் எவ்வளவு நிலம் பிடிக்கும்? நாலு ரகமும் பக்கத்தில் பக்கத்தில், நடைபாதையோடு சேர்த்து ஒரு மெயின் பிளாட் 17 மீட்டர் அகலம். மூன்று மெயின் பிளாட், இடையில் ஒவ்வொரு மீட்டர் விட்டால் பிளாக் நீளம் 53 மீட்டர். பாத்தி, வரப்பு, பிளாக்குக்குத் தனி வாய்க்கால், தனி வடிகால் எல்லாம் சேர்த்து ஒரு பிளாக்கின் ஆழம் ஏழு மீட்டர். நாலுக்கு 28. மொத்தம் 1,484 சதுர மீட்டர், 37 சென்ட்டுக்குள் அடங்கும். சுற்றி ஒரு மீட்டருக்கு ஏதாவது ஒரு ரகத்தைக் காவல் பயிராக நட்டாலும் 41 சென்ட்தான் வரும். மிச்சம் கிடக்கும் நிலத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒரு ஏக்கரில் நல்ல இடமாகப் பார்த்துப் பொறுக்க அது உதவும். ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி வாய்க்கால் என்றதைக் கவனியுங்கள். முதல் பிளாக்கில் பாய்ந்த தண்ணீர் வழிந்து இரண்டாவதுக்குப் போகிற பழக்கம் நம் வயல்களில் உண்டு. சோதனையில் அது கூடவே கூடாது.

குலுக்கல் பற்றி ஒரு வார்த்தை. மொபைலிலேயே செய்யலாம், சீட்டுக் குலுக்கியும் செய்யலாம். முதல் பிளாக்கில் மூன்று மெயின் பிளாட்டுக்கு தழைச்சத்தைக் குலுக்குங்கள். பிறகு ஒவ்வொரு மெயின் பிளாட்டுக்குள்ளும் நாலு ரகத்தைத் தனித்தனியாகக் குலுக்குங்கள். அடுத்த பிளாக்குக்கு மறுபடி முதலிலிருந்து. ஆக உரத்துக்கு 4 குலுக்கல், ரகத்துக்கு 12 குலுக்கல். ஒரே வரிசையைப் போட்டு நாலு பிளாக்கிலும் நகலெடுக்கிற சோம்பேறித்தனத்தை வயல் வரைபடத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். ஒரே ரகம் இரண்டு இடத்தில் அடுத்தடுத்து விழுந்தால் 'அழகாக இல்லையே' என்று மாற்றத் தோன்றும். விட்டுவிடுங்கள்.

உரத்தை வயலில் நின்று கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள். 150 கிலோ தழைச்சத்துப் பாத்திக்கு, 20 சதுர மீட்டருக்கு 652 கிராம் யூரியா. நாலு தவணையாகப் பிரித்தால் தவணைக்கு 163 கிராம். 75 கிலோ பாத்திக்குத் தவணைக்கு 82 கிராம் சுமாராக. முதல் நாள் ராத்திரியே சமையலறைத் தராசில் எடை போட்டு, பாத்தி எண் எழுதிய பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுங்கள். நாலு ரகத்துக்கும் ஒரே உரம்தானே என்று மெயின் பிளாட் முழுக்க மொத்தமாக வீசினால் ஒரு பக்கம் அதிகமாக விழும். பாத்தி பாத்தியாகவே போடுங்கள்.

ரகங்களைப் பொறுத்தவரை உங்கள் தேர்வு நல்ல தேர்வு. நாலுமே 105 முதல் 115 நாளுக்குள் வந்துவிடும். இதில் 135 நாளுக்கு மேல் போகும் வெள்ளைப் பொன்னியைச் சேர்த்திருந்தால் சோதனை கெட்டிருக்கும். முன்னால் பால் பிடிக்கும் பாத்திக்குத்தான் சுற்று வட்டாரக் குருவி எல்லாம் வந்து இறங்கும். கடைசியாக நிற்கிற பாத்திக்கு எலி எல்லாம் போய்ச் சேரும். எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறியை வரப்போரமாக முன்கூட்டியே வைத்துவிடுங்கள். வேறு வயதுள்ள ரகங்களைப் பார்க்க வேண்டும் என்றால் வயதுக்கு ஒரு சோதனையாகத் தனித்தனியே போடுவதுதான் வழி.

அடுத்த வருடம் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' (வயலைக் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சும்) முறையையும் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் நீர்ப்பாசனம் எப்போதும் மெயின் பிளாட். அதில் ஒரு பொறி இருக்கிறது. கிழக்கு வயல் முழுக்க எப்போதும் தண்ணீர் நிறுத்தி, மேற்கு வயல் முழுக்க காய்ச்சல் பாய்ச்சல் செய்து, இரண்டிலும் பத்துப் பத்து இடத்தில் அறுத்துப் பார்த்து 'பத்து ரெப்ளிகேஷன்' என்று எழுதுகிறார்கள். அது ஒரே ஒரு ரெப்ளிகேஷன். பத்து இடத்தில் அறுத்தது கிழக்கு வயலையும் மேற்கு வயலையும் நன்றாக அளக்க உதவும். பாசன முறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்தத் தவற்றுக்கு 1984இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் ஒரு பெயரே வைத்தார், சூடோரெப்ளிகேஷன் என்று. பெயர் வந்து நாற்பது வருடமாகியும் தவறு நிற்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஓர் ஏக்கரில் நாலு ரெப்ளிகேஷன் போட்டாலும் அது ஒரு வயலின் கதைதான். உங்கள் உறுப்பினர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். எட்டு விவசாயிகளைப் பிடித்து, ஒவ்வொருவர் வயலிலும் நாலு ரகத்தையும் ஒரே உர அளவில், சற்றே பெரிய பாத்தியில், குலுக்கி நடச் சொல்லுங்கள். ஒரு விவசாயி ஒரு பிளாக். அதுவும் ஆர்.பி.டி.தான், பிழைக்கு 21 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் கிடைக்கும். ஒருவர் சொன்ன நாளில் களை எடுக்க மாட்டார், ஒருவர் கூடவே ஏதாவது தெளிப்பார். இருக்கட்டும். அந்த நடைமுறையையும் மீறி எட்டில் ஏழு வயலில் ஒரு ரகம் முன்னால் நின்றால், விதை கொடுக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. நடு வயலில் ஸ்பிளிட் பிளாட், ஊர்களில் இந்தச் சின்னச் சோதனை, இரண்டும் சேர்ந்து இரண்டு குறுவை நடந்தால் உறுதியாகப் பேசலாம். ஒரே ஒரு பருவத்தை நம்பிப் பரிந்துரை எழுதாதீர்கள். மேட்டூர் திறக்கும் தேதியே வருடத்துக்கு வருடம் மாறுகிறது.

கேள்வியின் கடைசியில் போகிற போக்கில், சேகரித்து வைத்திருக்கும் அறுபது பாரம்பரிய நெல் ரகங்களையும் ஒருநாள் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஆர்.பி.டி. உதவாது. அறுபது பாத்தி கொண்ட பிளாக்கில் முதல் பாத்திக்கும் கடைசிப் பாத்திக்கும் மண்ணே வேறாகியிருக்கும். கைப்பிடி விதைதான் இருக்கிறது என்றால் ஃபெடரர் 1956இல் சொன்ன ஆக்மென்டட் முறை. தெரிந்த மூன்று நாலு ரகங்களை ஒப்பீட்டு ரகமாக எல்லாப் பிளாக்கிலும் வைத்து, புது ரகங்களை ஒவ்வொன்றும் ஒரே ஒரு இடத்தில் நடுவது. ஒப்பீட்டு ரகங்கள் பிளாக்கின் நிலையைச் சொல்லும், அதை வைத்து மற்றவற்றைத் திருத்தலாம். அது வடிகட்டத்தான் பயன்படும், முடிவு சொல்ல அல்ல. இரண்டு மூன்று ரெப்ளிகேஷனுக்கு விதை சேர்ந்த பிறகு ஆல்பா லேட்டிஸ் போடுங்கள். பேட்டர்சனும் வில்லியம்ஸும் 1976இல் கொடுத்தது. ரெப்ளிகேஷனுக்குள்ளே ஆறு, பத்து பாத்தி கொண்ட குட்டி பிளாக்குகள் இருக்கும். பருவத்துக்கு ஏற்பப் பூக்கும் சம்பா ரகங்களைக் குறுவையில் நட்டுப் பார்த்துக் குறை சொல்லாதீர்கள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அறுவடையில் எடையை 14 சதவீத ஈரத்துக்குத் திருத்துங்கள். பாத்தி எடையை நூறிலிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86ஆல் வகுக்க வேண்டும். 6.4 கிலோ நெல்லில் ஈரம் 20 சதவீதம் என்றால் 5.95 கிலோ. தராசில் 100 கிராம் தப்பினால் இந்தப் பாத்தி அளவில் எக்டருக்கு 78 கிலோ தப்பும். கொக்கித் தராசை வீட்டில் வைத்துவிட்டு மின்னணுத் தராசை எடுத்துப் போங்கள்.

கணக்கு போடுவதற்கு ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஓப்ஸ்டாட் என்ற கணக்குக் கருவி இருக்கிறது, ஆர் மென்பொருளில் அக்ரிகோலே என்ற தொகுப்பு இருக்கிறது. எதில் போட்டாலும் வயலில் எப்படிக் குலுக்கினீர்களோ அப்படியே கணக்கிலும் சொல்லுங்கள். ஸ்பிளிட் பிளாட்டாக நட்டுவிட்டு பேக்டோரியல் ஆர்.பி.டி. என்று போட்டால் தழைச்சத்தின் பிழை பொய்யாகச் சின்னதாகி, இல்லாத வித்தியாசத்துக்கு 'குறிப்பிடத்தக்கது' என்ற நட்சத்திரக் குறி விழும். ஸ்பிளிட் பிளாட்டில் சி.டி. நாலு வரும்: உரம், ரகம், ஒரே உரத்தில் ரகங்கள், வெவ்வேறு உரத்தில் ரகம். நாலும் வேறு வேறு எண். ரகத்துக்கான 420ஐ எடுத்து, உரமில்லாத பாத்தியில் மட்டும் இரண்டு ரகத்தை ஒப்பிடக் கூடாது. அங்கே ஒவ்வொன்றுக்கும் நாலு பாத்திதான் இருப்பதால் சி.டி. சுமார் 725 ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு ராத்திரியில் எலி இரண்டு பாத்தியை முடித்துவிடலாம். அந்தப் பாத்திகளுக்குப் பக்கத்து எண்ணைப் பார்த்து ஏதோ ஒன்றை நிரப்பாதீர்கள், சுழியமும் போடாதீர்கள். காலியாக விட்டு, எலி என்று குறித்துவிடுங்கள். சேதம் ரகத்தால் வந்ததில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மென்பொருள் அதை இல்லாத பாத்தியாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும்; அக்ரிகோலே அதற்கு ஒத்துவராவிட்டால் ஆரில் எல்.எம்.இ.4 என்ற தொகுப்பு இருக்கிறது. ஆனால் சாய்ந்து போன பாத்தியை இப்படிக் கழிக்கக் கூடாது. 150 கிலோவில் ஒரு ரகம் சாய்கிறது என்றால் அந்த ரகம் அந்த உரத்தில் கொடுத்த விளைச்சல் அவ்வளவுதான்.